ரகசிய எண் யாருடைய பொறுப்பு?

டெக்சாஸில் அதன் பெயர் லோன் ஸ்டார் கார்டு. மிச்சிகனில் பிரிட்ஜ், இல்லினாயில் லிங்க், மேரிலாந்தில் இண்டிபெண்டன்ஸ், ஓரிகனில் ஓரிகன் டிரெயில். 1803இல் பிரான்சிடமிருந்து பெரும் நிலப்பரப்பை விலைக்கு வாங்கிய கதையைச் சிலேடையாக்கி லூசியானா மாநிலம் தன் அட்டைக்கு 'லூசியானா பர்ச்சேஸ்' என்றே பெயர் சூட்டியிருக்கிறது. அமெரிக்க அரசின் உணவு உதவியைச் சுமந்து வரும் அட்டைகள் இவை. ஆனால் இந்தப் பெயர்கள் எதிலும் உணவும் இல்லை, உதவியும் இல்லை. கல்லாவில் நீட்டும்போது வரிசையில் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது இன்னொரு வங்கி அட்டையாகவே தெரிகிறது. அந்த மறைப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இதை எல்லா மாநிலத்தவரும் பொதுவாக இபிடி அட்டை என்கிறார்கள். உதவியை மின்வழியே மாற்றித் தரும் ஏற்பாடு என்பதன் சுருக்கம் அது. திட்டத்தின் பெயர் ஸ்னாப். 2008க்கு முன் ஃபுட் ஸ்டாம்ப். ஊர்ப் பேச்சில் இன்றும் ஃபுட் ஸ்டாம்ப்தான். 2024 நிதியாண்டில் மாதத்துக்குச் சராசரியாக 4 கோடியே 17 லட்சம் பேர் இதைப் பெற்றார்கள். அந்த நாட்டில் நூறு பேரில் ஏறக்குறைய 12 பேர். ஒருவருக்குக் கிடைத்தது மாதம் சராசரி 187 டாலர். பணம் மத்திய வேளாண்மைத் துறையுடையது. விண்ணப்பத்தைப் பார்த்துத் தகுதியை முடிவு செய்வது மாநிலம். கணக்கை நடத்துவதோ ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம். காண்டுயென்ட், எஃப்ஐஎஸ் என்ற இரண்டும் இந்தத் தொழிலில் பெரியவை. உதவி பெறுபவர் இந்த மூன்று பேரோடும் ஒரே நேரத்தில் உறவு கொள்கிறார். ஆனால் அவர் கைக்கு வருவது ஓர் அட்டை, அதன் பின்புறத்தில் ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண், அவ்வளவே.

அட்டை பெரும்பாலும் தபாலில்தான் வரும். எந்த அலங்காரமும் இல்லாத உறை. விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, 'இன்னும் கார்டு வரவில்லையே' என்று அலுவலகத்தில் வந்து நிற்பது அங்கே புதிதல்ல. உறையைப் பிரித்தவர் பின்புற எண்ணை அழைக்கிறார். தானியங்கிக் குரல் முதலில் மொழியைக் கேட்கும். பிறகு அட்டையிலுள்ள நீண்ட எண். பிறகு குடும்பத் தலைவரின் பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். எல்லாம் பொருந்தினால், 'நீங்கள் விரும்பும் நான்கு இலக்க எண்ணை அழுத்துங்கள். மறுபடியும் ஒருமுறை அழுத்துங்கள்' என்கிறது. முடிந்தது. இதே வேலையை இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ செய்யலாம். சில இடங்களில் அலுவலகத்துக்கே போய் அங்குள்ள சிறு விசைப்பலகையில் எண்ணை அழுத்திவிட்டு வரலாம்.

அட்டையைச் செயல்படுத்துவது ஒரு வேலை, எண் வைப்பது இன்னொரு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இரண்டும் ஒன்றுதான். எண் வைக்காத அட்டை வெறும் பிளாஸ்டிக். உதவித் தொகை அட்டைக்குள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அது நிறுவனத்தின் கணினியில், குடும்பத்தின் பெயரிலுள்ள கணக்கில் இருக்கிறது. அட்டை அந்தக் கணக்கின் சாவி. அதன் காந்தப் பட்டையில் அட்டை எண்தான் இருக்குமே தவிர ரகசிய எண் இருக்காது. கடையில் கார்டைத் தேய்த்து எண்ணை அழுத்தியதும், அழுத்திய எண் மறையாக்கப்பட்டு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. பொருந்தினால் கணக்கிலிருந்து தொகை கழிகிறது. கார்டு தொலைந்தாலும் கணக்கு அப்படியே இருக்கும், புது அட்டைக்கு அதே இருப்பு வரும். ஆனால் கணக்கு சும்மாவே கிடந்தாலும் ஆபத்துதான். ஒன்பது மாதம் யாரும் தொடாத தொகையை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். முன்பு இந்த அவகாசம் ஓராண்டு. 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் அதைக் குறைத்தது.

ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்தில் முடியாதவர்களும் இருக்கிறார்கள். காது சரியாகக் கேட்காத முதியவர், அழைப்பு நிமிடங்கள் தீர்ந்துபோன கைப்பேசிக்காரர், ஆங்கிலமும் ஸ்பானியமும் தெரியாதவர். பெற்றோருக்குத் தகுதி இல்லாமல், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் உதவி கிடைக்கும் குடும்பங்களும் ஏராளம். தலைவராகப் பதிந்திருக்கும் தாய்க்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணே இருக்காது. 'கடைசி நான்கு இலக்கம்' என்று குரல் கேட்டதும் அவர் விழிப்பார், பிறகு அலுவலகத்துக்கு நடப்பார். வீடற்றவருக்கு அட்டை எந்த முகவரிக்கு வரும் என்பதே முதல் சிக்கல். விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல. மாத வருமானம் 150 டாலருக்கும் குறைவாக, கையிருப்பு 100 டாலரைத் தாண்டாமல் இருப்பவர்களுக்கு விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் உதவி சேரவேண்டும் என்கிறது விதி. சேர்வது என்றால் கணக்கில் வரவு வைப்பதோடு முடிந்துவிடாது. ஏழாம் நாள் அவர் கையில் அட்டையும் இருக்கவேண்டும், எண்ணும் இருக்கவேண்டும். பசியை எண்ணிப் பார்த்து எழுதிய வரி என்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

கூப்பன் காலம்

எண்ணின் கதை கூப்பனின் கதையிலிருந்து பிறந்தது. 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் முதல் ஃபுட் ஸ்டாம்ப் திட்டம் தொடங்கியது. பெருமந்தத்தின் கடைசிக் காலம். ஒரு பக்கம் விற்காத விளைபொருள், இன்னொரு பக்கம் வாங்க வழியில்லாத வயிறுகள். உதவி பெறுபவர் தன் காசைக் கொடுத்து ஆரஞ்சு வில்லை வாங்குவார்; ஒரு டாலர் ஆரஞ்சு வில்லைக்கு 50 சென்ட் நீல வில்லை இலவசம். ஆரஞ்சுக்கு எந்த உணவும் வாங்கலாம். நீலத்துக்கு உபரி என்று வேளாண்மைத் துறை அறிவித்த பொருள்கள் மட்டும். போர் வந்து உபரியும் வேலையின்மையும் வற்றியபோது, 1943இல் திட்டமும் நின்றது.

1961இல் ஜான் கென்னடி சோதனை முயற்சியாக அதை மீண்டும் தொடங்கினார். அந்த ஆண்டு மே 29 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் மக்டவல் கவுண்டி என்ற நிலக்கரிப் பகுதியில், வேலை இழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பம் முதல் கூப்பன்களை வாங்கியது. வீட்டில் 15 பேர், கூப்பன் மதிப்பு 95 டாலர். 1964இல் லிண்டன் ஜான்சன் இதை நிரந்தரச் சட்டமாக்கினார். கூப்பனுக்குக் கைக்காசு கட்டவேண்டும் என்ற நிபந்தனையோ 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. அதுவரை, முன்பணம் புரட்ட முடியாத பரம ஏழைக்குத்தான் கூப்பன் எட்டாமல் இருந்தது.

கூப்பன் பணம்போல அச்சிட்ட தாள். ஆனால் பணம் இல்லை என்று தூரத்திலேயே தெரியும். கல்லாவில் புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்கவேண்டும். காசாளர் எண்ணுவார், வரிசை நிற்கும், வண்டியில் என்ன இருக்கிறது என்று பின்னாலிருப்பவர் எட்டிப் பார்ப்பார். அச்சிட்டு, காவலோடு ஏற்றி அனுப்பி, கடைகளில் சேர்த்து, வங்கியில் எண்ணி, கடைசியில் அழிக்கும்வரை அரசுக்கும் இது பெருஞ்செலவு. ஒரு டாலர் கூப்பனை ஐம்பது சென்ட் ரொக்கத்துக்கு மாற்றும் கள்ளச் சந்தை வேறு.

1984இல் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் தாளுக்குப் பதில் அட்டையைச் சோதித்தார்கள். 1993இல் மேரிலாந்து மாநிலம் முழுவதும் அட்டைக்கு மாறியது. அப்படி மாறிய முதல் மாநிலம் அதுவே. 1996ஆம் ஆண்டு பில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், 2002 அக்டோபருக்குள் எல்லா மாநிலங்களும் மாறியாகவேண்டும் என்றது. 2004 வாக்கில் எல்லாரும் மாறிவிட்டார்கள். 2009 ஜூனில் மிச்சமிருந்த தாள் கூப்பனும் செல்லாக்காசானது.

மாற்றத்தின் நன்மை கண்கூடு. 1993இல் ஒரு டாலரில் ஏறக்குறைய 3.8 சென்ட் கள்ளச் சந்தைக்குப் போனது என்பது வேளாண்மைத் துறையின் மதிப்பீடு. பிந்தைய ஆண்டுகளில் அது ஒன்றிலிருந்து ஒன்றரை சென்ட் அளவுக்கு இறங்கியது. எதிர்பாராத பலன் ஒன்றும் உண்டு. மிசூரி மாநிலக் கவுண்டிகள் ஒவ்வொன்றாக அட்டைக்கு மாறிய காலத்துக் காவல்துறைப் பதிவுகளை ஒரு பொருளியல், குற்றவியல் ஆய்வுக் குழு அலசியது. மொத்தக் குற்றங்கள் 9.8 விழுக்காடு குறைந்திருந்தன என்றது. உதவிக் காசோலையை மாற்றிய ரொக்கம் ஏழைத் தெருக்களில் புழங்காதபோது, பறிக்க எதுவும் இல்லாமல் போனது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

எண் தெரிந்தவர் வாங்கலாம்

அட்டையோடு வந்த நான்கு இலக்கம் கையெழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்துப் பழகிய நமக்கு இந்த இடம் சற்று நின்று பார்க்கத் தக்கது. விரல் ஆளை அடையாளம் காட்டும். எண் அப்படி இல்லை. அது ஒரு செய்தி, இன்னொருவரிடம் சொல்லலாம். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் எண்ணைத் தெரிந்துகொண்டு மகள் கடைக்குப் போகலாம், அது முறையானதே. குடும்பம் ஒருவரை அதிகாரப்பூர்வப் பிரதிநிதியாக நியமித்து, அவருக்கென்று தனி அட்டை வாங்கிக் கொடுக்கவும் வழி உண்டு.

மோசடியைத் தடுப்பதாகச் சொல்லி மாசசூசெட்ஸும் மெயினும் 2010களில் அட்டையில் குடும்பத் தலைவரின் படத்தை அச்சிட்டபோது இந்த நுட்பம் வெளிச்சத்துக்கு வந்தது. படத்திலிருப்பவர் நீங்கள் இல்லையே என்று சில கடைகளில் ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். மத்திய வேளாண்மைத் துறை குறுக்கிட வேண்டியிருந்தது. உதவி குடும்பத்துக்கு உரியது. படத்தில் யார் இருந்தாலும், சரியான எண்ணை அழுத்துபவரைக் கடை மறுக்கக் கூடாது. மற்ற வாடிக்கையாளரிடம் கேட்காத அடையாளத்தை இவரிடம் மட்டும் கேட்கவும் கூடாது. முகத்தை யாரும் பார்க்கவேண்டாம், எண் போதும். கூப்பன் காலத்து அவமானத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் நான்கு இலக்கம் எவ்வளவு தாங்கும்? பார்க்லேஸ் வங்கி 1967இல் லண்டனின் என்ஃபீல்டில் முதல் பணப் பட்டுவாடா இயந்திரத்தை நிறுவியது. அதைச் செய்த ஜான் ஷெப்பர்ட்-பாரன், ஆறு இலக்கம் வைக்க நினைத்ததாகவும், தன் மனைவி நான்குக்கு மேல் நினைவில் நிற்காது என்றதால் நான்காக்கியதாகவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தச் சமையலறைப் பேச்சின் நிழலில்தான் இன்றும் பாதி உலகம் கார்டைத் தேய்க்கிறது. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் இருந்தாலும் மனிதர்கள் அவற்றைச் சமமாகத் தேர்வதில்லை. 1234, 1111, பிறந்த நாள், பிறந்த ஆண்டு என்று ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஜோசப் போனோ, சோரன் பிரைபுஷ், ராஸ் ஆண்டர்சன் ஆகியோர் 2012இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். திருடிய பணப்பையில் பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையும் இருந்தால், 11 முதல் 18 பைகளுக்கு ஒன்றில் திருடனால் வங்கி அட்டையின் எண்ணை ஊகித்துவிட முடியும் என்றார்கள். எளிய எண்களை வங்கி தடை செய்திருக்கிறதா இல்லையா என்பதே 11க்கும் 18க்கும் உள்ள வேறுபாடு. இதே காரணத்தால்தான் 1234 போன்றவற்றை ஏற்க மறுக்கும்படி சில மாநிலங்கள் இபிடி தானியங்கிக் குரலையும் மாற்றின.

ஊகித்துத் திருடுவதற்குத் தடுப்பு உண்டு. பல மாநிலங்களில் நான்கு முறை தவறாக அழுத்தினால் நள்ளிரவுவரை அட்டை பூட்டிக்கொள்ளும். பதற்றத்தில் எண் மறந்துபோன தாய்க்கும் அதே தண்டனைதான். சாமான்களைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். ஆனால் இன்றைய திருடர்கள் ஊகிப்பதே இல்லை.

திருட்டும் சட்டமும்

ஸ்கிம்மர் என்பது கடையின் அட்டை இயந்திரத்தின் மேல் கவிழ்த்து ஒட்டிய போலி மூடி. பார்வைக்கு இயந்திரம் மாதிரியே இருக்கும். ஒருவன் காசாளரைப் பேச்சில் இழுத்தால் இன்னொருவன் சில நொடிகளில் ஒட்டிவிட்டுப் போய்விடுவான். அது காந்தப் பட்டையைப் படிக்கும். அழுத்தும் எண்ணையும் பதிவு செய்யும். பிறகு எந்தப் பழைய பரிசு அட்டையின் பட்டையிலும் அந்த விவரத்தை எழுதிவிடலாம். உதவித் தொகை எந்த நாளில் வரவாகும் என்பதும் ரகசியம் இல்லை. கலிபோர்னியாவில் வழக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி மாதத்தின் முதல் பத்து நாள்களில் வரவாகிறது. மற்ற மாநிலங்களும் தங்கள் அட்டவணையை வெளிப்படையாக அறிவிக்கின்றன. திருடர்கள் அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி வரவான தொகை, விடிவதற்குள் வேறேதோ மாநிலத்தில் குழந்தைப் பால்மாவுப் பெட்டிகளாக மாறிப் போயிருக்கும். காலையில் வண்டி நிறையச் சாமானோடு கல்லாவுக்கு வருபவர் இருப்பு பூஜ்யம் என்ற சீட்டைப் பார்க்கிறார்.

வங்கியின் டெபிட் அட்டையில் இது நடந்திருந்தால்? 1978ஆம் ஆண்டின் மின்வழிப் பணமாற்றச் சட்டம் காப்பாற்றும். அட்டை களவுபோனது தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், வாடிக்கையாளரின் இழப்பு 50 டாலரைத் தாண்டாது. மிச்சம் வங்கியின் தலையில். இந்தப் பாதுகாப்பை உதவி அட்டைகளுக்கும் நீட்டிக்க மத்திய வங்கி 1994இல் முடிவு செய்து, 1997 முதல் நடைமுறை என்றும் அறிவித்தது. மாநிலங்கள் கொதித்தன. இழப்பையெல்லாம் நாங்கள் ஏற்பதானால் அட்டைத் திட்டமே கட்டுப்படியாகாது என்றன. நாடாளுமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. எல்லாரும் அட்டைக்கு மாறவேண்டும் என்று கட்டளையிட்ட அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம், அந்த அட்டைக்காரர்களுக்கு டெபிட் அட்டைக்காரர்களின் பாதுகாப்பு கிடையாது என்றும் எழுதி வைத்தது.

ஒரே சட்டத்தில் இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், அட்டை வந்ததும் வைக்கச் சொல்லும் அந்த எண்ணின் பொருள் மாறிவிடுகிறது. டெபிட் அட்டைக்காரருக்கு எண் ஒரு பூட்டு. பூட்டு உடைந்தால் வங்கி பொறுப்பு. இபிடி அட்டைக்காரருக்கு அது பொறுப்பேற்புக் கையெழுத்து. எண் சரியாக அழுத்தப்பட்டிருந்தால் வாங்கியது நீங்களே என்று கருதப்படும். களவு போனதென்றால் உங்கள் கவனக்குறைவு. கார்டின் பின்னால் எண்ணை எழுதி வைத்தவருக்கும் ஸ்கிம்மரிடம் சிக்கியவருக்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லாமல் போனது.

களவு பெருகியபின் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் தற்காலிகமாக இறங்கி வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடந்த மின்வழிக் களவுகளுக்கு மத்திய நிதியிலிருந்து ஈடு தரலாம் என்றது. அதற்கும் எல்லை வைத்தார்கள்: ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் இல்லை, இரண்டு மாத உதவிக்கு மேல் இல்லை. இப்படி மாநிலங்கள் திருப்பிக் கொடுத்தது 30 கோடி டாலருக்கும் அதிகம். 2024 டிசம்பர் 20உடன் அந்த ஏற்பாடு காலாவதியானது. அதற்குப் பிறகு திருடுபோனதற்கு மத்திய ஈடு கிடையாது.

ஈடுகட்ட மனமில்லாவிட்டாலும் திருட முடியாத அட்டையையாவது கொடுத்திருக்கலாம். வங்கி அட்டைகளில் சிப் இல்லாமல் நடக்கும் மோசடிக்குக் கடையே பொறுப்பு என்று 2015 அக்டோபரில் அமெரிக்க அட்டை நிறுவனங்கள் விதி மாற்றின. அதோடு சிப் பரவியது. இபிடி அட்டைகள் காந்தப் பட்டையோடே நின்றுவிட்டன. வேடிக்கை என்னவென்றால், ஒஹையோவும் வயோமிங்கும் 1990களிலேயே சிப் பதித்த உதவி அட்டைகளைப் பயன்படுத்தியவை. எந்த மாநிலத்து அட்டையும் எந்த மாநிலத்துக் கடையிலும் செல்லவேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வந்தது. மற்ற மாநிலங்கள் எல்லாம் காந்தப் பட்டையில் இருந்ததால், அந்த இரண்டும் பிற்பாடு சிப்பை விட்டுவிட்டுப் பட்டைக்குத் திரும்பின. கலிபோர்னியா 2025இல்தான் சிப் வைத்த, தொட்டால் வேலை செய்யும் இபிடி அட்டைகளை வழங்கத் தொடங்கியது. சிப் அட்டையைப் பிரதி எடுப்பது மிகக் கடினம். ஆனால் புது அட்டைக்குக் காசு வேண்டும், கடைகளின் இயந்திரங்களும் மென்பொருளும் மாறவேண்டும். மற்ற மாநிலங்கள் மெல்லத்தான் நகர்கின்றன.

அதுவரை என்ன வழி? உதவித் தொகை வரவாகும் நாளுக்கு முன்தினம் எண்ணை மாற்றுங்கள் என்கிறது வேளாண்மைத் துறையின் அறிவுரை. மாதாமாதம். வங்கிக்காரர் யாரும் தன் வாடிக்கையாளரிடம் இப்படிக் கேட்கமாட்டார். ஆனால் அறிவுரை சரியானதே. பழைய எண்ணோடு பிரதியெடுத்த அட்டை மறுநாள் பயன்படாது. செயலி இருக்கும் மாநிலங்களில் இன்னும் சுருக்கமான வழியுண்டு. கடைக்குப் போகும்வரை அட்டையைப் பூட்டி வைக்கலாம், வெளிமாநிலக் கொள்முதலையும் இணையக் கொள்முதலையும் தடுத்து வைக்கலாம். கல்லாவில் ஒரு நொடி திறந்து வாங்கிவிட்டு மறுபடி பூட்டவேண்டும். கைப்பேசியும் இணையமும் உள்ளவருக்கு இது சுலபம்.

இன்னொரு வகைக் கொள்ளைக்கு ஸ்கிம்மரும் தேவையில்லை. 'உங்கள் இபிடி அட்டை முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று குறுஞ்செய்தி வரும். அழைத்தால் ஒரு தானியங்கிக் குரல் அட்டை எண், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு, பிறகு ரகசிய எண் என்று வரிசையாகக் கேட்கும். அட்டையை முதன்முதலில் செயல்படுத்தியபோது உண்மையான குரல் கேட்டதும் இதே கேள்விகளைத்தானே! அரசு எவரிடமும் குறுஞ்செய்தியில் ரகசிய எண்ணைக் கேட்காது என்று எச்சரிக்கிறார்கள். ஆனால் நல்ல குரலையும் கள்ளக் குரலையும் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: எண்ணை அழைத்தவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்பது. அட்டையின் பின்புறத்திலிருந்தா, வந்த செய்தியிலிருந்தா? முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லித் தரும் அலுவலகம் புண்ணியம் கட்டிக்கொள்ளும். ரெடிங் நகரில் 1984இல் அட்டையைக் கொடுத்தபோது ஆளை நேரில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்று உறைக்குள் ஒரு துண்டுத்தாள்.

எண்ணும் சரி, அட்டையும் சரி, ஆனாலும் வாங்க முடியாத நாள்களும் வந்திருக்கின்றன. 2013 அக்டோபர் 12 சனிக்கிழமை, அப்போது இபிடி நடத்திய ஜெராக்ஸ் நிறுவனம் மாற்று மின்னமைப்பைச் சோதித்தபோது கோளாறு ஏற்பட்டு 17 மாநிலங்களில் அட்டைகள் முடங்கின. லூசியானாவில் இரண்டு சிற்றூர்களின் வால்மார்ட் கடைகள் இருப்பைச் சரிபார்க்காமலே கார்டை ஏற்றுக்கொண்டன, அலமாரிகள் காலியாகின. மறுநாள் செய்திகளில் அள்ளிச் சென்றவர்களின் வண்டிகள் முன்னால் நின்றன. மற்ற 16 மாநிலங்களில் சாமானைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு போனவர்களைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 2025 நவம்பரில், அரசு நிர்வாகம் முடங்கிய 43 நாள்களின் இறுதிப் பகுதியில், அந்த மாதத் தொகையே உரிய நாளில் வரவாகவில்லை. வழக்குகள் நடந்தன, நீதிமன்றங்கள் உத்தரவிட்டன, சில மாநிலங்கள் முழுதும், சில பாதியும் கொடுத்தன. இருப்பைக் கேட்க அட்டையின் பின்புற எண்ணை அழைத்தவர்களிடம் அதே தானியங்கிக் குரல் ரகசிய விவரங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் சில சென்ட்களைச் சொன்னது.

அந்தப் பின்புற எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. துண்டுத்தாளில் அது பெரிய எழுத்தில் இருப்பதில்லை. அட்டை தொலைந்தது அல்லது களவு போனது என்று அறிவித்த நொடியிலிருந்து நடக்கும் கொள்முதலுக்கு மாநிலமே பொறுப்பு. அதற்கு முந்திய நொடிவரை போனது குடும்பத்துக்குப் போனதுதான். விதியில் ரகசிய எண்ணின் பாரத்தை அரசு ஏற்றுக்கொள்ளும் இடம் ஏறக்குறைய இது ஒன்றே. அட்டையைப் பிரித்துப் புது எண் வைக்கும் அன்றே, அந்தத் தொலைபேசி எண்ணைக் கார்டில் இல்லாத இன்னோரிடத்திலும் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கார்டு தொலைந்தால் அதன் பின்புறமும் சேர்ந்துதானே தொலைகிறது. அழைக்க நேர்ந்தால், மணி எத்தனை என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.